எந்தப் பார்வோன், எந்தக் கானான்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவமும் அரசியலும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொடக்கத்தில் தூய்மையாக இருந்த விசுவாசம் பிற்பாடு அரசியல் கலந்து கெட்டுப்போனது, ஆகவே சபைகள் அரசியலை விட்டு விலகி ஆத்துமாக்களை மட்டும் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நானும் ஒரு விசுவாசி. அந்தத் தொடக்கத்தைப் பற்றி அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அரசியல் எதிர்பார்ப்பு இல்லாத கிறிஸ்தவம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ரோம் ஆட்சியின் கீழ், வரிச்சுமையோடு வாழ்ந்த யூதர்கள் நடுவில்தான் இயேசு தேவனுடைய ராஜ்யத்தைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்டவர்கள் ஆத்தும இளைப்பாறுதலை மட்டும் நினைத்திருக்க மாட்டார்கள். மரியாளின் பாட்டிலேயே 'பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்' என்று வருகிறது. உயிர்த்தெழுதலுக்குப் பிறகுகூட சீஷர்கள் கேட்டது, 'ஆண்டவரே, இக்காலத்திலா ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக் கொடுப்பீர்?' என்றுதான். அப்படிக் கேட்டதற்காக அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. காலத்தை அறிவது உங்களுக்குரியதல்ல என்று சொல்லி, பூமியின் கடைசிபரியந்தம் சாட்சிகளாயிருக்க அனுப்பினார். ஒரு நாட்டுக்கான ஏக்கம் அந்த இடத்தில் வேறொன்றாக மாறத் தொடங்கியது.

என் கருத்து இதுதான். மனிதர்கள் தங்கள் அரசியல் ஏக்கத்தைச் சுமந்துகொண்டுதான் வேதத்துக்கு வருகிறார்கள். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வந்த பிறகு அந்த ஏக்கத்தையே கேள்வி கேட்க வேதத்துக்கு இடம் கொடுக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 303இல் அவருக்கு முந்தைய பேரரசர் டயோக்ளீஷியன் தொடங்கிய துன்புறுத்தலில் சிறையையும் சித்திரவதையையும் கண்ட ஆயர்கள், 325இல் விசுவாசக் கோட்பாட்டைத் தீர்மானிக்க ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்துக்குப் பிறகு பேரரசரின் விருந்துக்குப் போனார்கள். வாசலில் உருவிய வாளோடு நின்ற காவலர்களைக் கடந்து பயமில்லாமல் உள்ளே நுழைந்தார்கள் என்றும், கிறிஸ்துவின் ராஜ்யத்தின் சாயலே கண்முன் தோன்றியது போல் இருந்தது என்றும் அந்தக் காலத்து ஆயரும் சபை வரலாற்றாசிரியருமான யூசிபியஸ் எழுதுகிறார். அந்த மகிழ்ச்சியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேற்றுவரை அதே வாள்கள் அவர்கள் கழுத்துக்கு நேராக இருந்தவை. ஆனால் அந்த மகிழ்ச்சி அங்கே நிற்கவில்லை. 336இல், பேரரசரின் முப்பதாம் ஆட்சியாண்டு விழாவில், அவருடைய ஆட்சியைப் பரலோக ஆட்சியின் பிரதிபிம்பம் என்றே யூசிபியஸ் புகழ்ந்தார். 380இல் தியோடோசியஸ் பேரரசர் நிசேயா விசுவாசத்தை அரச மதமாக்கினார்.

அப்புறம் 410இல் கோத் இனத் தலைவன் அலாரிக்கின் படை ரோம் நகரைச் சூறையாடியது. பேரரசையும் தேவராஜ்யத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருந்தவர்களுக்கு விசுவாசமே ஆட்டம் கண்டது. அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின் 413 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து, தேவனுடைய நகரத்தைப் பற்றி 22 பாகங்கள் எழுதினார். எந்த அரசும் அந்த நகரம் ஆகிவிடாது, எந்த அரசு விழுந்தாலும் அந்த நகரம் விழாது என்பது அவர் சொன்ன பதில். ஓர் அரசியல் தோல்வியிலிருந்துதான் கிறிஸ்தவச் சிந்தனையின் மிகப் பெரிய நூல்களில் ஒன்று பிறந்தது. அரசியல் விசுவாசத்தைக் கெடுக்க மட்டுமே செய்யும் என்று கட்டுரையாளர் எழுதும்போது இதை எங்கே வைப்பார்?

எகிப்தின் மன்னன் பார்வோனிடம் அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலரை மோசே வெளியே நடத்திவந்த கதையைச் சொல்லும் யாத்திராகமத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. விசுவாசமும் அரசியலும் ஒன்றையொன்று வனையும் விதத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. 1807இல் லண்டனில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமத் தொகுப்பு அச்சிடப்பட்டது. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை அதில் இருந்தது. மோசே ஜனங்களை எகிப்திலிருந்து வெளியே நடத்திவந்த கதை இல்லை. வேலைக்காரர்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் வசனம் இருந்தது. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை என்ற கலாத்தியர் வசனம் இல்லை. அந்தப் பக்கங்களுக்கு என்ன பலம் உண்டு என்பது வெட்டி எடுத்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. இருந்தும் அந்தக் கதை அடிமைகளின் காதுக்குப் போகாமல் இல்லை. அமெரிக்கத் தோட்டங்களில் அவர்கள் மோசேயைப் பாடினார்கள். 1968 ஏப்ரல் 3 அன்று, கொல்லப்படுவதற்கு முந்தின இரவு, மார்ட்டின் லூதர் கிங் மலையுச்சியிலிருந்து வாக்குத்தத்த நாட்டைப் பார்த்ததாகப் பேசியது வரை அந்தப் பாட்டு வந்து சேர்ந்தது.

ஆனால் இதே கதையைத் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சாவளியினரான போயர்களும் வாசித்தார்கள். அவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசுதான் பார்வோன். உள்நாட்டை நோக்கி மாட்டுவண்டிகளில் போன பயணம்தான் வனாந்தர யாத்திரை. அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்கள், வாக்குத்தத்த நாட்டில் இஸ்ரவேலருக்கு முன்பே இருந்த கானானியர். 1838 டிசம்பர் 16 அன்று ஜூலு படையை வென்றதைத் தேவன் தங்களோடு செய்த உடன்படிக்கையின் அடையாளமாகக் கொண்டாடினார்கள். 1857இல் அவர்களுடைய டச்சு சீர்திருத்தச் சபையின் ஆட்சிப் பேரவையான சினாடு, 'சிலருடைய பலவீனத்தினிமித்தம்' வெள்ளையருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி ஆராதனையை அனுமதித்தது. பலவீனத்துக்காகக் கொடுத்த சலுகை, நூறு ஆண்டுகளுக்குள் தேவசித்தம் என்று பிரசங்கிக்கப்பட்டது. தேவன் மனிதர்களின் மொழியைப் பிரித்து அவர்களைச் சிதறடித்த பாபேல் கோபுரக் கதைகூட இனப் பிரிவினைக்கு ஆதாரமானது.

ஒரே கதை, இரண்டு வாசிப்பு. இரண்டும் அரசியல்தான் என்று சொல்லித் தள்ளிவிட்டால் எதையும் புரிந்துகொள்ள முடியாது. யாத்திராகமம் செங்கடலோடு முடிந்துவிடுவதில்லை. 'அந்நியனை ஒடுக்காயாக, எகிப்துதேசத்தில் அந்நியராயிருந்த நீங்கள் அந்நியனுடைய இருதயத்தை அறிந்திருக்கிறீர்களே' என்று அதே புத்தகம் விடுதலை பெற்றவர்களைப் பார்த்துச் சொல்கிறது. போயர்களின் விசுவாசம் அந்த வசனத்துக்கு முன்னால் நிற்க மறுத்தது. கடைசியில் அதை நினைவூட்டியதும் விசுவாசிகளே. 1982இல் உலக சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, இனஒதுக்கலை நியாயப்படுத்தும் இறையியலை வேதப்புரட்டு என்று அறிவித்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் பெல்ஹாரில், வெள்ளையரல்லாதவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த சபை தன் விசுவாச அறிக்கையை எழுதியது.

ஜெர்மனியில் 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடிய புராட்டஸ்டன்ட் சபையினர், சபை கேட்க வேண்டிய ஒரே வார்த்தை கிறிஸ்துவே என்று அறிக்கை விட்டார்கள். ஹிட்லரைத் தேவன் அனுப்பிய தலைவராகப் பார்த்த சக கிறிஸ்தவர்களுக்கு அதுதான் சரியான மறுப்பு. ஆனால் அந்த அறிக்கை யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சபையின் சுதந்திரத்துக்கு மட்டும் போராடி, பக்கத்து வீட்டுக்காரனை மறந்துவிடும் ஆபத்து நல்லவர்களுக்கும் உண்டு. கட்டுரையாளர் பரிந்துரைக்கும் விலகல் நம்மை அங்கேதான் கொண்டுபோய் விடும் என்று பயப்படுகிறேன்.

நான் பெரிதும் மதிக்கிற உதாரணம் எல் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ. 1977இல் பொறுப்பேற்றபோது அவரை எச்சரிக்கையான, பழைமை விரும்பும் மனிதராகவே எல்லாரும் அறிந்திருந்தார்கள். அடுத்த மாதமே அவருடைய நண்பர், ஏழை விவசாயிகளோடு வேலைசெய்த குருவானவர் ருத்திலியோ கிராந்தே சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் ரொமேரோ பேசினார். 1980 மார்ச் 23 அன்று, அடக்குமுறையை நிறுத்துங்கள் என்று படைவீரர்களுக்குக் கட்டளையிட்டார். மறுநாள் திருப்பலியின்போது கொல்லப்பட்டார். அவர் செய்தது அரசியல் என்று அப்போதே பழித்தார்கள். ஆனால் 1979இல் அவர் எழுதிய மேய்ப்புப்பணி மடலை அவர்கள் கவனிக்கவில்லை. செல்வத்தையும் தேசியப் பாதுகாப்பையும் தெய்வமாக்குவதைக் கண்டித்த அதே மடலில், மக்கள் அமைப்புகளையும் தெய்வமாக்கிவிடக் கூடாது என்று எழுதினார். தான் யாருக்காக உயிரைப் பணயம் வைத்தாரோ அவர்களிடமே அதைச் சொன்னார். எதிரியை வேதத்தால் கண்டிக்க எல்லாராலும் முடியும். தன் பக்கத்தையும் கண்டிக்க விசுவாசத்தில் அவ்வளவு ஆழம் வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பார்மன், பெல்ஹார் அறிக்கைகளைத் தமிழில் முழுமையாக வெளியிட்டு, கட்டுரையாளரையும் மாற்றுக் கருத்து உடையவர்களையும் அவற்றைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். இரண்டுமே சுருக்கமானவை, இரண்டு இதழ்களில் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்