தங்கள் உண்மையுள்ள

தென்காசி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சாமுவேல்,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. தபால்காரர் வந்த நேரம் நான் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அதனால் உன் தங்கச்சிதான் முதலில் பிரித்துப் படித்தாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சிரிப்புச் சத்தம். இறங்கி வந்து பார்த்தால் கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறாள். 'உன் விசுவாசமுள்ள சாமுவேல்' என்று முடித்திருந்தாயே, அந்த வரி. "அண்ணன் என்ன, நாய்க்குட்டி மாதிரி கையெழுத்துப் போட்டிருக்காங்க?" என்றாள்.

கோபித்துக்கொள்ளாதே. அவளையும் குற்றம் சொல்ல முடியாது. உனக்கு விசுவாசம் ஜெபத்தில் வரும் சொல். எங்கள் தெருவில் அது நாய்க்கும், கட்சித் தலைவர் வீட்டு வாசலில் நிற்கிறவர்களுக்கும்தான் பயன்படுகிறது. சபைக்கு வருகிறவனும் விசுவாசி, தலைவருக்காகத் தீக்குளிக்கக் கிளம்புகிறவனும் விசுவாசி. முன்னவன் நம்புகிறவன். பின்னவன் நம்பப்படுகிறவன், குறைந்தபட்சம் அப்படிச் சொல்லிக்கொள்கிறவன்.

இங்கே எல்லோரும் நலம். சாரல் விடவில்லை, துவைத்த துணி காய மூன்று நாள் ஆகிறது. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பேத்தி எல்.கே.ஜி.யில் சேர்ந்து இரண்டு வாரம் அழுதாள். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்கிறாள். எனக்கு ஒரு நிலுவைத் தொகை வரவேண்டியிருக்கிறது, அதற்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்றாவது மனு எழுதினேன். எழுதி முடித்து, கை தன்பாட்டுக்கு 'தங்கள் உண்மையுள்ள' என்று போட்டதும் உன் விசுவாசம் ஞாபகம் வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். இரண்டு முறை பதில் போடாத ஓர் அதிகாரிக்கு நான் எதற்கு உண்மையுள்ளவனாக இருக்கவேண்டும்?

நாம் டைப்ரைட்டிங் லோயர் படித்தது ஞாபகம் இருக்கிறதா? மார்க்கெட் பக்கத்து மாடி, ரெமிங்டன் மெஷின், மாஸ்டர் கையில் ஸ்கேல். கடிதத்தில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' தாளின் நடுவிலிருந்து தொடங்கவேண்டும், ஒய் மட்டும் பெரிய எழுத்து, எஃப் சின்ன எழுத்து. நீ ஒவ்வொரு தடவையும் எஃப்புக்கும் ஷிஃப்டை அமுக்குவாய், ஸ்கேல் உன் விரல் முட்டியில் இறங்கும். நான் யுவர்ஸில் ஆர்-க்கும் எஸ்-க்கும் நடுவே மேலே ஓர் அப்பாஸ்ட்ரஃபி போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். கையெழுத்துக்கு எத்தனை வரி விடவேண்டும் என்பதெல்லாம் கற்றோம். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்னவென்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது ஓய்வாக இருக்கிறேன் அல்லவா, மூன்று நாளாக அகராதியும் கையுமாக உட்கார்ந்து அதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது?

ஃபெய்த்துக்கு வேர் லத்தீனில் 'ஃபிடெஸ்'. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனது. ரோமானியர்களுக்கு ஃபிடெஸ் என்றால் முதலில் கடவுள் நம்பிக்கை இல்லை. கொடுத்த வாக்கு, அந்த வாக்கை நம்பி மற்றவன் கொடுக்கும் இடம், இரண்டும் சேர்ந்தது. நாம் கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் எத்தனை அஃபிடவிட் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம்! அதுவும் இந்தக் குடும்பம்தான்: 'சத்தியம் செய்திருக்கிறான்' என்ற முழு லத்தீன் வினைச்சொல், தாளுக்குப் பெயராகிவிட்டது. பிரெஞ்சுக்காரன் நிச்சயித்த பெண்ணை ஃபியான்சே என்கிறானே, அதுவும் வாக்குக் கொடுக்கப்பட்டவள்தான். எதிர்த்து நிற்பதைச் சொல்லும் 'டிஃபை'க்குப் பழைய பொருள், கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வது. உறவை முறித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு நில் என்று அர்த்தம்.

இங்கிலீஷில் விசுவாசத்தையும் உறுதியையும் சொல்லும் மற்றச் சொற்கள் எங்கெங்கோ இருந்து வந்திருக்கின்றன. 'லாயல்' சட்டத்திலிருந்து வந்தது. லீகலும் லாயலும் ஒரே லத்தீன் சொல்லின் இரண்டு பிள்ளைகள். 'ட்ரூ' மரத்திலிருந்து வந்தது என்று மொழிநூலார் பலர் சொல்கிறார்கள், வைரம் பாய்ந்த மரம் போல உறுதி. 'ஸ்டான்ச்' என்றால் முதலில் தண்ணீர் கசியாத கப்பல். எனக்கு இதில் கப்பல்தான் பிடித்திருக்கிறது. நம்மிடம் பார், எல்லாம் சோற்றில் வந்து நிற்கும்: செஞ்சோற்றுக் கடன், உப்பிட்டவரை உள்ளளவும் நினை. நாயைக்கூட நாம் நன்றியுள்ள பிராணி என்றுதான் பள்ளிக்கூடத்தில் எழுதினோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃபெய்த்ஃபுல்லி என்பது வினையுரிச்சொல். ஒரு வினையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கவேண்டும், எதையாவது எப்படிச் செய்தான் என்று சொல்லவேண்டும். 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'யில் வினை எங்கே?

ஒரு காலத்தில் இருந்தது. 'ஐயா, நான் இன்னவனாக இருக்கிறேன்' என்று கடிதத்தின் கடைசி வாக்கியமே கையெழுத்துக்குள் ஓடி இறங்கும். நம் ஊர்க் கலெக்டர்கள் வெள்ளைக்காரன் காலத்தில் மேலிடத்துக்கு எழுதியதெல்லாம் 'தங்கள் மிகப் பணிவான ஊழியனாக இருக்கும் பெருமை எனக்கு உண்டு' என்றுதான் முடியும். இதிலே உச்சம், அகராதி செய்தாரே சாமுவேல் ஜான்சன், உன் பேர்க்காரர், அவர் 1755 பிப்ரவரியில் செஸ்டர்ஃபீல்டு பிரபுவுக்கு எழுதிய கடிதம். பிரபு ஆரம்பத்தில் ஆதரிப்பதாகக் காட்டிவிட்டு வருஷக்கணக்கில் எட்டிப்பார்க்கவில்லை. அகராதி முடியப்போகும் நேரத்தில் புகழ்ந்து எழுதினார். ஜான்சனுக்கு வந்தது கோபம். தண்ணீரில் உயிருக்குத் தத்தளிக்கிறவனைக் கரையில் நின்று சும்மா பார்த்துவிட்டு, அவனே கரையேறிய பிறகு உதவி என்று வந்து இடைஞ்சல் செய்கிறவன்தானா புரவலன் என்று கேட்டார். கடைசியில், 'ஒரு காலத்தில் நான் இப்படிப் பெருமை பேசிக்கொண்ட அந்த நம்பிக்கைக் கனவிலிருந்து விழித்து வெகுநாளாயிற்று' என்று சொல்லி, அந்தப் பெருமை என்ன என்பதற்கு விடையாகவே கையெழுத்தை வைக்கிறார்: 'பிரபு அவர்களின் மிகத் தாழ்மையான, மிகக் கீழ்ப்படிதலுள்ள ஊழியன், சாம். ஜான்சன்.' வழக்கமான வாலை முறுக்கிச் சாட்டையாக்கிவிட்டார். என் மூன்றாவது மனுவை அப்படி முடிக்கக் கை துறுதுறுத்தது. நிலுவை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலம் போகப்போக வாக்கியம் தேய்ந்து, வினை விழுந்து, உரிச்சொல் மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. இதில் பிரிட்டிஷ்காரன் ஒரு சட்டமும் வைத்திருக்கிறான். கடிதத்தைப் பெயர் சொல்லித் தொடங்கினால் 'சின்சியர்லி'. பெயர் தெரியாமல் 'டியர் சார்' என்று தொடங்கினால்தான் 'ஃபெய்த்ஃபுல்லி'. பேர்கூடத் தெரியாதவனுக்கு விசுவாசம்! அமெரிக்கர்கள் இந்தச் சடங்குக்கு அநேகமாக வருவதே இல்லை.

ஆனால் அதே அமெரிக்கர்கள் இந்தச் சொல்லை வைத்திருக்கும் இடம் வேறே. ஜனாதிபதி எடுக்கும் உறுதிமொழி அவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, 1787-இல் எழுதியது, மொத்தம் 35 சொல். ஜனாதிபதி பதவியை ஃபெய்த்ஃபுல்லி நிறைவேற்றுவேன் என்று வரும். 2009 ஜனவரி 20, ஒபாமா பதவியேற்பு. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சீட்டு எதுவும் இல்லாமல் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். மூலத்தில் ஃபெய்த்ஃபுல்லி, 'வில்'லுக்கும் 'எக்ஸிக்யூட்'டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ராபர்ட்ஸ் அதைத் தூக்கி வாக்கியத்தின் கடைசியில் போட்டுவிட்டார். ஒபாமாவுக்கு மூலம் தெரியும். 'எக்ஸிக்யூட்' வரை வந்து நின்று, லேசாகத் தலையை ஆட்டினார். ராபர்ட்ஸ் திருத்தப் பார்த்துத் தடுமாறினார். கடைசியில் ஒபாமா, ராபர்ட்ஸ் முதலில் தப்பாகச் சொன்னபடியே சொல்லி முடித்தார். லட்சக்கணக்கான ஜனம் எதிரே குளிரில் நிற்கிறது.

மறுநாள் சாயங்காலம் வெள்ளை மாளிகையில் மேப் ரூம் என்ற அறையில், ஒரு சிலர் மட்டும் பார்க்க, மறுபடியும் உறுதிமொழி! பைபிள்கூட இல்லை. இந்தத் தடவை மெதுவாகப் போகலாம் என்றாராம் ஒபாமா. ஸ்டீவன் பிங்கர் என்ற மொழியியலாளர் இதற்கு ஒரு காரணம் சொன்னார்: ராபர்ட்ஸ் இலக்கணப் பிடிவாதக்காரர், துணைவினைக்கும் வினைக்கும் நடுவே உரிச்சொல்லை நுழைப்பது அவருக்குப் பிடிக்காது, மனம் தானாகத் திருத்திவிட்டது என்று. நம் டைப்ரைட்டிங் மாஸ்டர் அங்கே போய் நீதிபதியானது மாதிரி இருக்கிறது. தமிழில் இந்த விபத்து நடக்க வழியே இல்லை. நமக்கு வினை கடைசியில்தான் வரும், 'உண்மையாக' அதற்கு முன்னால் எங்காவது நின்றுதான் ஆகவேண்டும். டி.வி.யில் கேட்டிருப்பாயே, நம் அமைச்சர்கள் 'உண்மையாகவும் உளச்சான்றின்படியும்' கடமைகளை நிறைவேற்றுவேன் என்பதை. அந்த 'உண்மையாக' இதே ஃபெய்த்ஃபுல்லிதான்.

அந்த 'உண்மை' எங்கேயிருந்து வந்தது என்று தேடியபோது உன் வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். போன கிறிஸ்துமஸுக்கு நீ கொடுத்த வேதாகமத்தை எடுத்துப் புரட்டினேன். 'உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே' என்று மத்தேயுவில் வருகிறதே, இங்கிலீஷில் அது ஃபெய்த்ஃபுல் சர்வன்ட். ஆனால் என்னை உலுக்கியது வேறு இடம், இரண்டாம் ராஜாக்கள் 12-ஆம் அதிகாரம். யோவாஸ் ராஜா காலம், ஆலயம் பழுதாகிக் கிடக்கிறது. ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் ஓட்டை போட்டுப் பலிபீடத்துப் பக்கம் வைக்கிறான். சேர்ந்த பணத்தை எண்ணி, தச்சருக்கும் கொத்தருக்கும் கூலி கொடுக்கும்படி வேலையை நடத்துகிறவர்கள் கையில் கொடுக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லையாம். ஏனென்றால் அவர்கள் உண்மையாய் நடந்துகொண்டார்கள். 1611-இல் வந்த ஜேம்ஸ் ராஜா பைபிளில் அங்கே நிற்கும் சொல் ஃபெய்த்ஃபுல்லி. எபிரேயத்தில் 'எமுனா', நீங்கள் ஜெபம் முடிக்கும் ஆமெனும் அதே வேரில் வந்ததுதான்.

முப்பத்தெட்டு வருஷம் கருவூலத்தில் உட்கார்ந்து வவுச்சருக்கு வவுச்சர் டிக் அடித்தவன் நான். மூன்று ரூபாய் வித்தியாசத்துக்கு ராத்திரி ஒன்பது மணி வரை லெட்ஜரைப் புரட்டியிருக்கிறேன். கணக்கே கேட்காத ஒரு கட்டட வேலை! எங்கள் ஆடிட்காரர்கள் அந்த வசனத்தைப் படித்தால் மயங்கி விழுவார்கள். அதிலும் பார், அந்த ஆட்கள் எதை நம்பினார்கள், ராஜாவிடம் எவ்வளவு பாசம் என்றெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. பணம் கைக்கு வந்தது, கூலியாகப் போய்ச் சேர்ந்தது. ஃபெய்த்ஃபுல்லி அந்தக் கை மாறிய இடத்தில் இருக்கிறது. மனதுக்குள்ளே இல்லை. உன் தங்கச்சி சிரித்த விசுவாசத்துக்கும் இதற்கும் அதுதான் தூரம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ வேறு மாதிரி சொல்வாய், எழுது.

நம் ஆட்கள் கடிதத்துக்கு அதை மொழிபெயர்த்த விதத்தையும் மெச்சத்தான் வேண்டும். தொங்கிக்கொண்டிருந்த உரிச்சொல்லை 'உண்மையுள்ள' என்று பெயரெச்சம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். கீழே போடும் பெயர் அதற்கு முட்டுக் கொடுக்கிறது: தங்கள் உண்மையுள்ள சங்கரன். ஜான்சன் கடிதம் போல வாக்கியம் கையெழுத்தில் போய் முடிகிறது. சிலர் 'தங்கள் நம்பிக்கையுள்ள' என்று எழுதுகிறார்கள். அது எனக்கு ஒட்டவில்லை. என் மனு விஷயத்தில் நம்பிக்கை உள்ளவன் நான்தான், எப்படியாவது பணம் வரும் என்று.

இன்னும் ஒன்று பாக்கி. 'ப்ராமிஸ்டு ஃபெய்த்ஃபுல்லி' என்று இங்கிலீஷில் சொல்வார்கள், சத்தியமாக வருகிறேன் என்பது போல. அதைச் சொன்னவன் வராமல் போனபோதுதான் பெரும்பாலும் அந்தச் சொல் வெளியே வரும். போன வருஷம் சீசனுக்குக் கட்டாயம் வருகிறேன், குற்றாலத்தில் குளித்துவிட்டு ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொன்னது யாருலே? பிரஷர் மாத்திரையாவது ஃபெய்த்ஃபுல்லியாகப் போடுகிறாயா? அந்தச் சொல்லுக்குத் 'தவறாமல்' என்ற பொருளும் உண்டு. உன் வீட்டில் கேட்டுச் சொல்லச் சொல், உன் பேச்சை நான் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. வார நாளில் வா, கூட்டம் இருக்காது. போன முறை விட்டுப்போன உன் குடை இன்னும் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில்தான் தொங்குகிறது. பேத்தி பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போகப் பார்த்தாள், சாமுவேல் தாத்தாவுடையது என்று பிடுங்கி வைத்திருக்கிறேன்.

உன்,
சங்கரன்

பி.கு.: மேலே 'உன்'னுக்குப் பிறகு என்ன போடலாம் என்று உன் தங்கச்சியைக் கேட்டேன். "பேரு போதும், தபால் பெட்டியில எடுக்கிற நேரம் ஆச்சு" என்கிறாள்.