காரை ஓட்டியவருக்கும் விருது வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2027ஆம் ஆண்டில் வெளியாகும் படங்களிலிருந்து தொடங்கி, சாகசக் காட்சிகளின் வடிவமைப்புக்கெனத் தனி ஆஸ்கர் விருது வழங்கப்படும் என்று அமெரிக்கத் திரைப்பட அகாடமி 2025 ஏப்ரலில் அறிவித்தது. முதல் விருது 2028இல் நடைபெறவிருக்கும் 100ஆவது விழாவில் வழங்கப்படும். 1929இல் தொடங்கிய விழா, உடலைப் பணயம் வைத்து உழைக்கும் ஒரு பிரிவினருக்கு இடம் கொடுக்க இத்தனை காலம் எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆயினும் அறிவிப்பை மனமார வரவேற்கிறேன். கார்களையும் திரைப்படங்களையும் ஒருசேர நேசிக்கும் வாசகன் என்ற முறையில், இந்த விருது யாருக்கு, எதற்காக, எந்த அளவுகோலில் வழங்கப்பட வேண்டும் என்பது குறித்தும், நம் நாட்டு விருதுகள் இவ்விஷயத்தில் செய்ய வேண்டியது குறித்தும் என் கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

என் கனவு கார்கள் இரண்டு. முதலாவது, 1960களில் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்த பிரிட்டிஷ் காரின் இந்தியப் பிறப்பு அது. நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு இந்தியாவுக்கென்றே உருவானது. மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பகுதி முழுவதுமே முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும் அதன் பானட்டும், 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடக்கூடிய அதன் ஸ்டியரிங்கும் இன்றைக்கும் வியப்புக்குரியவை. அதே காரின் பின்சக்கர அமைப்பில் ஒரு சிக்கலும் இருந்தது. வேகமாக ஒரு வளைவில் நுழைந்து, நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின்சக்கரம் உள்நோக்கி மடங்கி வண்டி நிலை தடுமாறும். ஹெரால்டை ஓட்டிப் பழகியவர்கள் இதை அறிவார்கள். ஒரு காரின் அழகு அதை வரைந்தவரின் கையிலிருந்து வருகிறது என்றாலும், அது ஓடும் அழகு ஓட்டுபவரின் கையிலும் காலிலும்தான் இருக்கிறது என்பதை எனக்கு உணர்த்தியது இந்தக் கார்தான்.

இரண்டாவது கனவு கார் திரையிலிருந்து வந்தது. 1968இல் வெளியான ‘புல்லிட்’ படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்குயின் ஓட்டும் கரும்பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங் அது. சான் பிரான்சிஸ்கோவின் செங்குத்தான சாலைகளில் ஒரு கறுப்பு டாட்ஜ் சார்ஜரை அது துரத்தும் பத்து நிமிடங்களுக்கும் மேலான காட்சியை, கார்களை நேசிக்கும் எவரும் ஒரு முறையேனும் பார்த்திருப்பார்கள். மேட்டின் உச்சியில் நான்கு சக்கரங்களும் தரையை விட்டு எழும்பி, கீழே இறங்கியதும் அடுத்த மேட்டுக்குள் வண்டி கட்டுப்பாட்டுக்கு வந்துவிடுகிறது. ஹெரால்டின் பின்சக்கரம் என்ன செய்யும் என்று அறிந்த ஒருவருக்கு, அந்த ஒரு நொடியில் எவ்வளவு திறமை அடங்கியிருக்கிறது என்பது எளிதில் புரியும்.

அந்தத் திறமை யாருடையது? மெக்குயின் தேர்ந்த பந்தய ஓட்டுநர். காட்சியின் ஒரு பகுதியை அவரே ஓட்டினார் என்பது உண்மை. ஆனால் மஸ்டாங்கின் அபாயமான பல ஓட்டங்களைச் செய்தவர் பட் ஈகின்ஸ். சார்ஜரை ஓட்டியவர் பில் ஹிக்மேன். சாகசங்களை ஒருங்கிணைத்தவர் கேரி லாஃப்டின். அந்தக் குதிப்புகளைத் தாங்கும்படி கார்களின் சஸ்பென்ஷனைத் திருத்தியமைத்தவர் மேக்ஸ் பால்சாவ்ஸ்கி. இந்தப் பெயர்கள் கார் ஆர்வலர்களின் வட்டத்துக்கு வெளியே ஏறத்தாழ அறியப்படாதவை. அதே ஹிக்மேன் 1971இல் வந்த ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்தின் துரத்தல் காட்சியிலும் கார் ஓட்டினார். அந்தப் படம் சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர்களைப் பெற்றது. காரை ஓட்டியவருக்கு அதில் எதுவும் இல்லை. அவருக்குக் கொடுக்க அன்று ஒரு பிரிவே இல்லை.

‘புல்லிட்’ படமும் வெறுங்கையோடு திரும்பவில்லை. படத்தொகுப்புக்கான ஆஸ்கரை ஃபிராங்க் கெல்லர் பெற்றார். அது தகுதியான விருது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கவனித்துப் பார்த்தால், அந்தத் துரத்தலில் ஒரே பச்சை நிற ஃபோக்ஸ்வேகன் பல முறை கடந்து போகும்; சார்ஜரில் இருக்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் சக்கர மூடிகள் (வீல் கப்) கழன்று விழும். பல கோணங்களில், பல நாட்களில் எடுத்த துண்டுகளைச் சேர்த்ததன் தடயங்கள் அவை. அவற்றையெல்லாம் மீறிப் பார்ப்பவரை இருக்கையின் நுனியில் வைத்திருப்பது படத்தொகுப்பாளரின் கலை. கார்களை மையமாகக் கொண்ட படங்களுக்கு அகாடமி இதே வழியில்தான் மரியாதை செய்து வந்திருக்கிறது. 1966இல் வந்த ‘கிராண்ட் பிரி’ பெற்ற மூன்று ஆஸ்கர்களும் படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் கிடைத்தவை. 2019இல் வந்த ‘ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி’ பெற்ற இரண்டும் படத்தொகுப்புக்கும் ஒலித்தொகுப்புக்கும் கிடைத்தவை. ஓடும் காரை வெட்டி ஒட்டியவருக்கும் அதன் உறுமலைப் பதிவு செய்து கோத்தவருக்கும் விருது கிடைத்தது. அவர்களுக்கு வெட்டவும் ஒட்டவும் ஒரு ஓட்டத்தைக் கொடுத்தவரோ அரங்கத்துக்கு வெளியிலேயே நின்றார்.

கார்கள் வருவதற்கு முந்தைய காலத்தைப் பற்றிய படத்திலும் இதே கதைதான். 1959இல் வந்த ‘பென்-ஹர்’ 11 ஆஸ்கர்களைப் பெற்றது. அந்தப் படம் என்றதும் உலகமே நினைவுகூரும் தேரோட்டப் போட்டியை, ஆண்ட்ரூ மார்ட்டனோடு இணைந்து உருவாக்கியவர் யாக்கிமா கனுட். அவருக்குச் சில ஆண்டுகள் கழித்து, 1967இல், ஒரு கௌரவ ஆஸ்கர் அளிக்கப்பட்டது. 2012இல் சாகசக் கலைஞரும் இயக்குநருமான ஹால் நீதாமுக்கும் அவ்வாறே கௌரவ விருது கிடைத்தது. வாழ்நாள் முழுவதும் உழைத்த பிறகு அளிக்கும் கௌரவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்த ஆண்டு, இந்தப் படத்தில், இந்தக் காட்சியில் இவர் செய்தது சிறந்தது என்று சொல்வது வேறு. ஒரு தொழிலைக் கலையென்று ஏற்பது அப்போதுதான்.

இது கலையா, வெறும் துணிச்சலா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு 2006இல் வந்த ‘கேசினோ ராயல்’ படத்தின் ஓர் உதாரணத்தைச் சொல்வேன். அதில் ஓர் ஆஸ்டன் மார்ட்டின் கார் சாலையில் உருண்டு சிதறும் காட்சி உண்டு. கார் கவிழ வேண்டுமென்றால் ஒருபக்கச் சக்கரங்களை ஒரு சாய்தளத்தில் ஏற்றிவிடுவதுதான் வழக்கமான முறை. ஆனால் அந்தக் காரின் எடை தரையோடு தாழ்ந்து அமைந்திருந்ததால், சாய்தளத்தில் ஏறியும் அது கவிழ மறுத்தது. உடனே காரின் அடிப்பகுதியில், நைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தில் இயங்கும் ஒரு குழலைப் பொருத்தினார்கள். சரியான நொடியில் அது ஓர் உலோகத் தண்டைத் தரையை நோக்கிச் செலுத்த, வண்டி ஒருபக்கமாக எழும்பி உருளத் தொடங்கும். ஓட்டியவர் ஆடம் கெர்லி. கார் ஏழு முறை உருண்டது. அவர் நலமாக இறங்கி வந்தார். கின்னஸ் சாதனைப் பட்டியலில் அது இடம்பெற்றது. எடை, வேகம், அழுத்தம், இருக்கைப் பட்டை, உட்புற இரும்புக் கூண்டு, கேமராக்கள் நிற்கும் தூரம் ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு, இயக்குநர் மனத்தில் கண்ட ஒரு காட்சியை உயிர்ச்சேதமின்றி நிகழ்த்திக்காட்டுவதைக் கலையென்றும் தொழில்நுட்பமென்றும் அழைக்காமல் வேறு எப்படி அழைப்பது? அந்தப் படத்துக்கு ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை.

சந்தை மட்டும் இந்தக் கலையின் மதிப்பை எப்போதோ உணர்ந்துகொண்டுவிட்டது. ‘புல்லிட்’ படத்தில் ஓடிய இரண்டு மஸ்டாங்குகளில் ஒன்று 1974 முதல் ஒரே குடும்பத்திடம் இருந்து, 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஏலத்துக்கு வந்தது. ஏலத்தொகை 34 லட்சம் டாலர். மஸ்டாங் பெருமளவில் தயாரிக்கப்பட்ட கார். அதே ஆண்டில் அதே தொழிற்சாலைகளிலிருந்து வந்த மற்ற மஸ்டாங்குகள் பொதுவாக இதில் ஒரு சிறு பங்குக்கே விலைபோகின்றன. இந்த ஒரு வண்டிக்கு மட்டும் அந்த மதிப்பை ஏற்றியது, அந்தத் துரத்தல் காட்சியில் சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் பறந்தவர்களின் உழைப்பு. தகரத்துக்குக் கிடைத்த மரியாதை மனிதர்களுக்குக் கிடைக்காமல் போனது என்னை ஆழமாக வருத்துகிறது.

இந்த விஷயத்தில் இந்தியா ஹாலிவுட்டை முந்திக்கொண்டது என்பதைப் பெருமையோடு குறிப்பிட வேண்டும். 2016ஆம் ஆண்டுப் படங்களுக்கான 64ஆவது தேசியத் திரைப்பட விருதுகளிலேயே சண்டைக்காட்சி அமைப்புக்குத் தனி விருது சேர்க்கப்பட்டது. முதல் விருதை மலையாளப் படமான ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெயின் பெற்றார். பின்னர் ‘கே.ஜி.எஃப்’ படத்தின் இரண்டு பாகங்களுக்கும் இரட்டையர்களான அன்பறிவ் பெற்றார்கள். தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளிலும் சண்டைப் பயிற்சியாளருக்கென ஒரு பிரிவு உண்டு. ஆனால் மாநில விருதுகளின் நிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2009 முதல் 2014 வரை ஆறு ஆண்டுகளுக்கான விருதுகள் 2017இல்தான் ஒன்றாக அறிவிக்கப்பட்டன. படம் வெளிவந்து பல ஆண்டுகள் ஆனபின் மொத்தமாக அறிவிக்கும்போது, நடிகர்களின் பெயர்களே மங்கலாகத்தான் ஒலிக்கின்றன; சண்டைப் பயிற்சியாளரின் பெயரை யார் கவனிப்பார்கள்? விருதுகள் ஆண்டுதோறும் அந்தந்த ஆண்டிலேயே அறிவிக்கப்பட வேண்டும்.

நம் விருதுகளில் எனக்கு இருக்கும் பெரிய குறை வேறொன்று. கைச்சண்டை, வாள்சண்டை, குதிரை, கார், தீ, உயரத்திலிருந்து குதித்தல் ஆகிய அனைத்தும் ஒரே பிரிவில் அடங்கிவிடுவதால், ரசிகர்களின் கைத்தட்டலை எளிதில் பெறும் கைச்சண்டையே பார்வையில் முன்னே நிற்கிறது. கார்க்காட்சிகளை அமைப்பவர்களின் பணி தனியாக எடைபோடப்படுவதில்லை. தனிப் பிரிவு உடனே சாத்தியமில்லை என்றாலும், நடுவர் குழுவில் வாகனச் சாகசம் அறிந்த ஒருவரேனும் இடம்பெற வேண்டும் என்பது என் கோரிக்கை.

இதைவிட முக்கியமானது பாதுகாப்பு. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த ஒரு தமிழ்ப் படப்பிடிப்பில், காரைக் கவிழ்க்கும் காட்சியில் நடித்த அனுபவமிக்க சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, எந்தப் படத்தில் கார் உருண்டாலும் உள்ளே இருப்பவரை நினைக்காமல் என்னால் பார்க்க முடிவதில்லை. சாகசத்துக்கு விருது கொடுத்தால் விருதுக்காகவே மேலும் மேலும் ஆபத்தை நாடுவார்கள் என்ற எதிர்வாதம் ஹாலிவுட்டில் நெடுநாளாக இருந்தது. அந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் அதற்குத் தீர்வு விருதை மறுப்பது அன்று. விருதின் விதிகளிலேயே பாதுகாப்பைச் சேர்ப்பது. போட்டிக்கு வரும் ஒவ்வொரு படமும், முக்கியக் காட்சி எப்படித் திட்டமிடப்பட்டது, எத்தனை ஒத்திகை நடந்தது, வாகனத்தில் என்னென்ன மாற்றங்கள் செய்யப்பட்டன, மருத்துவக் குழுவும் தீயணைப்புக் குழுவும் இடத்தில் இருந்தனவா, கலைஞர்களுக்குக் காப்பீடு இருந்ததா என்பதை எழுத்தில் தர வேண்டும். அலட்சியத்தால் எவரேனும் காயமடைந்த காட்சி பரிசீலனைக்கே வரக்கூடாது. அப்படிச் செய்தால் விருதை விரும்பும் தயாரிப்பாளரே பாதுகாப்புக்குச் செலவிட முன்வருவார்.

மதிப்பிடும் முறைக்கும் முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பிரிவில், இறுதிப் பரிந்துரைக்கு முன்பாக, தேர்வான படங்களின் குழுவினர் தங்கள் வேலையின் தொகுப்பைத் திரையிட்டு, அதை எப்படிச் செய்தோம் என்று உறுப்பினர்களுக்கு விளக்குகிறார்கள். சாகச விருதுக்கு இம்முறை இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. இன்றைய கணினி வரைகலையில் எந்தக் கார் உண்மையில் பறந்தது, எந்தக் கார் திரையில் மட்டும் பறந்தது என்பதைப் படத்தைப் பார்த்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. இறுதி வாக்களிப்பில் ஒரு பிரிவில் வாக்களிப்பவர் அந்தப் பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்ற விதியையும் அதே 2025 ஏப்ரலில்தான் அகாடமி கொண்டுவந்தது. இவ்வளவு எளிய நேர்மையை விதியாக எழுத இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நம் தேசிய விருதுகளின் நடுவர்கள் படங்களைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள் என்பது நம் முறையின் பலம். படமாக்கப்பட்ட விதத்தையும் அவர்கள் பார்க்க வழி செய்தால் அது முழுமை பெறும்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். விருதுப் பட்டியல் வெளியாகும் நாளில் சிறந்த நடிகர், நடிகை, இயக்குநர், படம் ஆகியவற்றின் புகைப்படங்களோடு செய்தி முடிந்துவிடுவதும், மற்ற கலைஞர்களின் பெயர்கள் இடமின்மையால் விடுபடுவதும் பொதுவாக நம் பத்திரிகைகளில் காணும் வழக்கம். அடுத்த முறை தேசிய விருதுகளும் தமிழ்நாடு அரசு விருதுகளும் அறிவிக்கப்படும்போது, சண்டைப் பயிற்சியாளர், படத்தொகுப்பாளர், ஒலி வடிவமைப்பாளர் ஆகியோரின் பெயர்களையும், எந்தக் காட்சிக்காக அவர்கள் பாராட்டப்பட்டார்கள் என்பதையும் தங்கள் நாளிதழ் முழுமையாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இயன்றால், சென்னையில் வாழும் மூத்த சண்டைக் கலைஞர்களையும் வாகனச் சாகசக் கலைஞர்களையும் நேரில் கண்டு அவர்களின் பணியைப் பதிவு செய்யும் தொடர் ஒன்றையும் ஞாயிறு இணைப்பில் தொடங்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர்,
தாம்பரம்.