புல்தரையில் ஒரு தூண்டில்

உதகமண்டலம்,
நவம்பர் 18.

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் நேற்று மாலை வந்து சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்துப் பூங்காவில் நீ தூண்டில் நூலான லைனை வீசிப் பழகிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவருடைய நாய் லைனின் முனையில் கட்டியிருந்த சிவப்பு உல்லனைக் கவ்விக்கொண்டு ஓடியதையும், ரீல் கிறீச்சிட்டுச் சுற்ற நீ கோலைத் தூக்கிப் பிடித்தபடி அதன் பின்னால் ஓடியதையும் நான் உரக்கப் படித்தேன். அடுப்படியிலிருந்து வந்த அம்மா கரண்டியும் கையுமாக நின்று சிரித்தாள். இதுவரை சிக்கிய எந்த மீனும் இவ்வளவு தூரம் லைனை இழுத்ததில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மறுபடியும் படிக்கச் சொன்னாள்.

ஸ்காட்லாந்தில் அக்டோபர் 7 முதல் மார்ச் 14 வரை பழுப்பு ட்ரௌட் மீனைப் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே டே ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் நீ புல்தரையில்தான் நிற்க வேண்டும். அதற்காக வருந்தாதே. மற்றத் தூண்டில்களில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துச் செல்கிறது. உன் தூண்டிலில் மீனை ஏமாற்ற இறகால் கட்டிய போலிப் பூச்சிக்கோ (ஆங்கிலத்தில் ‘ஃப்ளை’, அதாவது ஈ) கனமே கிடையாது. லைனின் கனம்தான் அதைச் சுமந்து போக வேண்டும். லைனின் கனத்தை எண்ணால் குறிப்பார்கள்; உன்னிடம் இருக்கும் 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி ஏறக்குறைய 9 கிராம்தான். அது முதுகுக்குப் பின்னால் முழுவதும் நீண்டு நேராகும்வரை கை பொறுத்திருக்க வேண்டும்; அவசரப்பட்டு முன்னே இழுத்தால் சாட்டைபோலச் சொடுக்கி முனை அறுந்துவிடும். மீன் துள்ளும் இடத்தில் அந்தப் பொறுமை யாருக்கும் வராது என்பதால், தரையில் பழகுவதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். லைனைப் பின்னால் வீசாமல் முன்னே உருட்டி வீசும் முறையை மட்டும் புல்லில் முயலாதே. லைனைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால்தான் அது வரும்.

ஆனால் உல்லனைத் தவிர வேறெதையும் முனையில் கட்டாதே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுமுறைக்கு வந்திருந்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? நம் வீட்டுப் பின்புறத்தில் நீ உண்மையான முள்ளைக் கட்டி வீச, வெயிலில் நாற்காலி போட்டுக் கண்ணயர்ந்திருந்த தாத்தாவின் தலையிலிருந்த மங்கி குல்லா பறந்துபோய்ப் பேரிக்காய் மரத்தில் தொங்கியது. குரங்குதான் பிடுங்கிக்கொண்டது என்று எண்ணிய தாத்தா, கைத்தடியை ஓங்கிக்கொண்டு கால் மணி நேரம் அந்த மரத்தடியில் நின்று, இல்லாத குரங்கைத் திட்டித் தீர்த்தார். இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஆயினும் முள் இரண்டு அங்குலம் தாழ்ந்து வந்திருந்தால் அவர் கண் என்னவாகியிருக்கும் என்பதை நான் மறக்கவில்லை. நீயும் கண்ணாடி அணியாமல் கோலைத் தொடாதே.

அந்த விடுமுறையில் நீ கறிக்கடைக்குப் போய், கறி வேண்டாம், சேவலின் கழுத்துத் தோல் மட்டும் இறகோடு வேண்டும் என்று கேட்டதை அந்தக் கடைக்காரர் இன்னமும் எல்லோரிடமும் சொல்கிறார். என்ன வைத்தியத்துக்கு என்று அவர் கேட்க, ஈ செய்வதற்கு என்று நீ சொன்னாயாம்! நீ கேட்டது சரியான பொருள்தான். சேவலின் கழுத்து இறகு விறைப்பாக நின்று பூச்சியைத் தண்ணீருக்கு மேலே தாங்கும். பெட்டையின் இறகு மென்மையானது, நனைந்து அமிழும் பூச்சிக்கே அது பொருந்தும். அந்தத் தோலை உப்பிட்டுப் பதப்படுத்த அம்மாவின் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைத் தேர்ந்தெடுத்ததைத்தான் அவள் பொறுத்துக்கொள்ளவில்லை. விருந்தினர் இலை முன் அமர்ந்திருக்க, அவள் ஜாடிக்குள் கரண்டியை விட்டபோது மேலே வந்தது இறகு. அதன் பிறகு எந்த ஜாடியைத் திறந்தாலும் முதலில் எட்டிப் பார்க்கிறாள்.

நீ கேட்ட மயிலிறகை அனுப்ப முடியாது, கண்ணம்மா. தானாக உதிர்ந்த இறகை இங்கே வீட்டில் வைத்திருக்கலாம். நாட்டைவிட்டு வெளியே அனுப்புவதற்குத் தடை இருக்கிறது. அதற்குப் பதிலாக அம்மா தன் பின்னல் கூடையிலிருந்து ஆரஞ்சு நிற உல்லன் உருண்டை ஒன்றை எடுத்துத் தந்திருக்கிறாள். நாளைத் தபாலில் சேர்க்கிறேன். சிவப்பு அந்த நாய்க்குப் பழகிவிட்டது என்பது அவள் கருத்து. மார்ச் 15 அன்று ஆற்றில் இறங்கியதும் முதல் வீச்சு எப்படி விழுந்தது என்று எழுது.

அன்புடன்,
அப்பா