பர்ட் லங்காஸ்டரின் பிற்காலம் சரிவுக் காலமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாலிவுட்டின் பழைய கதாநாயகர்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவரும் தொடரை விடாமல் படித்து வருகிறேன். சென்ற இதழில் பர்ட் லங்காஸ்டரைப் பற்றி எழுதிய கட்டுரையாளர், 1946இல் வெளியான 'தி கில்லர்ஸ்' முதல் அவருக்கு ஆஸ்கர் விருது பெற்றுத் தந்த 'எல்மர் கேன்ட்ரி' (1960) வரையிலான படங்களை நுணுகி ஆராய்ந்துவிட்டு, அதற்குப் பின் அவர் நடித்த ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலத்தை முதுமையின் சரிவு என்று ஒரே பத்தியில் முடித்திருந்தார். முற்பகுதியைப் பற்றி அவர் கூறியவற்றில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. பிற்பகுதியைப் பற்றிய தீர்ப்பைத்தான் ஏற்க இயலவில்லை. லங்காஸ்டரின் மிகச் சிறந்த நடிப்பு 'எல்மர் கேன்ட்ரி'க்குப் பிறகே தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

இளமையில் நிக் கிராவட் என்ற நண்பருடன் சேர்ந்து சர்க்கஸில் பார் வித்தை செய்து பிழைத்தவர் லங்காஸ்டர். அந்த உடலே அவருடைய முதல் மூலதனம். 'தி ஃப்ளேம் அண்ட் தி ஆரோ'விலும் 'தி கிரிம்சன் பைரேட்'டிலும் அவர் தாவியதும் தொங்கியதும் பல் தெரியச் சிரித்ததும் ரசிகர்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தனவோ, அதே அளவுக்கு அவரை ஒரே வார்ப்பில் அடைத்தும் வைத்திருந்தன. 1957இல் 'ஸ்வீட் ஸ்மெல் ஆஃப் சக்சஸ்' படத்தில், இரவு விடுதி ஒன்றின் மேசையை விட்டு எழாமலே நகரத்தை நடுங்கச் செய்யும் பத்திரிகையாளராக அவர் அமர்ந்திருந்தபோது, அசையாமல் இருந்தும் திரையை நிறைக்க அவரால் முடியும் என்பது தெரிந்துவிட்டது. அன்று அந்தப் படம் வசூலில் தோற்றது. அதனாலோ என்னவோ அந்தப் பாடம் சில ஆண்டுகள் பயன்படாமல் கிடந்தது. அதை முழுமையாக எடுத்து ஆண்டது இத்தாலிய இயக்குநர் விஸ்கோந்தியின் 'தி லெப்பர்ட்' (1963).

தோமாசி தி லம்பெதூசாவின் நாவலைப் படமாக்கப் புகுந்த லுகினோ விஸ்கோந்தி, சிசிலி நாட்டு இளவரசர் சலீனாவாக லங்காஸ்டரை விரும்பிக் கேட்டவர் அல்லர். பணம் போட்டவர்களுக்கு ஒரு ஹாலிவுட் நட்சத்திரம் தேவைப்பட்டது. இயக்குநர் அதற்கு இணங்க வேண்டியதாயிற்று. ஆனால் படத்தைப் பார்க்கும்போது வேறு யாரையும் அந்த இடத்தில் கற்பனை செய்ய முடிவதில்லை. தூரினிலிருந்து வந்த அரசுப் பிரதிநிதி புதிதாக ஒன்றிணைந்த இத்தாலியின் செனட்டில் இடம் தருவதாகச் சொல்லும்போது, இளவரசர் கோபம் கொள்வதில்லை. தம் மண்ணுக்கும் தம் வகுப்புக்கும் இனி வேலையில்லை என்பதைப் பணிவான சொற்களில் விளக்குகிறார். பிறகு வரும் நெடிய விருந்து நடனக் காட்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலெர்மோவின் உண்மையான அரண்மனை ஒன்றில் எடுக்கப்பட்ட அக்காட்சியில் பெரும் நிகழ்ச்சி எதுவும் இல்லை. இளவரசர் அறைக்கு அறை நடக்கிறார். மரணப் படுக்கையைச் சித்திரிக்கும் ஓவியம் ஒன்றின் முன் நிற்கிறார். தம் சகோதரியின் மகன் தான்கிரேதி மணக்கவிருக்கும் ஏஞ்சலிகாவுடன் ஒரே ஒரு முறை நடனமாடுகிறார். அந்த நடனத்தில் பழைய சர்க்கஸ்காரரின் உடல் ஒரு கணம் திரும்பி வருகிறது. முதுகு நிமிர்கிறது, காலடி பிசகுவதில்லை, அவையோர் விலகி நின்று பார்க்கிறார்கள். நடனம் முடிந்து தனியே கண்ணாடி முன் நிற்கும்போது அவர் கண்களில் நீர் கோத்திருக்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் செய்ய, வலிமை இருந்தும் அதற்குப் பயன் இல்லாமல் போவது எப்படிப்பட்டது என்று உடலால் அறிந்த ஒருவர் தேவை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இத்தாலியப் பிரதியில் நாம் கேட்பது லங்காஸ்டரின் குரலன்று. கொர்ராதோ கைப்பா என்பவரின் குரல். லங்காஸ்டர் தம் சொந்தக் குரலில் பேசிய ஆங்கிலப் பிரதியோ, ஃபாக்ஸ் நிறுவனத்தால் 161 நிமிடங்களாகக் குறைக்கப்பட்டு, வண்ணமும் கெட்டு வெளியானது. கான் திரைப்பட விழாவில் உயரிய விருது பெற்ற படம் அமெரிக்காவில் எடுபடாமல் போனதற்கு அந்தச் சிதைவு பெருங்காரணம். குரல் இல்லாத நடிப்பை முழு நடிப்பாகக் கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: மூன்று மணி நேரத்திற்கு மேல் ஓடும் இத்தாலியப் பிரதியில் இரவல் குரலையும் மீறி அந்தப் பாத்திரம் நிற்கிறது என்றால், அதைச் சுமப்பது முகமும் நடையும்தான். இரவல் குரலுக்குப் பழகிய தமிழ் ரசிகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

'தி ஸ்விம்மர்' (1968) இன்னும் துணிவானது. ஜான் சீவரின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்ட இப்படத்தில், கனெக்டிகட்டின் செல்வந்தர் வீடுகளின் நீச்சல் குளங்களை ஒவ்வொன்றாக நீந்திக் கடந்தே தம் வீட்டுக்குப் போகப்போவதாக நெட் மெரில் என்பவர் கிளம்புகிறார். படம் முழுவதும் லங்காஸ்டருக்கு ஒரு நீச்சல் கால்சட்டைதான் உடை. எடுக்கும்போது அவர் ஐம்பதைத் தாண்டியிருந்தார். தண்ணீரைக் கண்டால் அச்சம் உடையவர் என்பதால் இதற்கென்றே பயிற்சியாளரை வைத்து நீந்தப் பழகினார். தொடக்கத்தில் அந்த உடலைக் கண்டு அக்கம்பக்கத்தார் பொறாமைப்படுகிறார்கள். போகப் போக அதே உடல் குளிரில் நடுங்குகிறது, நொண்டுகிறது, பொதுக் குளத்தின் வாயிலில் நுழைவுக் கட்டணத்துக்குச் சில்லறை இல்லாமல் நிற்கிறது. ஃபிராங்க் பெர்ரி இயக்கிய இப்படத்தின் ஒரு முக்கியக் காட்சியைப் பின்னர் சிட்னி போலாக் மறுபடி எடுத்தார்; அந்த ஒட்டுப்போட்ட தன்மை சில இடங்களில் துருத்தித் தெரிகிறது என்பது உண்மைதான். ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் 'ஃப்ரம் ஹியர் டு இடர்னிட்டி'யின் கடற்கரையில் உலகமே பார்த்து வியந்த மார்பை, ஏமாற்றத்தின் சின்னமாக மாற்றித் தர எந்த நட்சத்திரம் முன்வருவார்?

ராபர்ட் ஆல்ட்ரிச்சின் 'உல்சானாஸ் ரெய்டு' (1972) படத்தை அதே இயக்குநரின் 'அப்பாச்சி' (1954) படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முந்தையதில் லங்காஸ்டரே நீல விழிகளோடு அப்பாச்சி என்ற அமெரிக்கப் பழங்குடியின் வீரராக வேடமிட்டார். கதாநாயகன் இறுதியில் சாக வேண்டும் என்று ஆல்ட்ரிச் விரும்பியும், விநியோக நிறுவனம் அவனைப் பிழைக்க வைத்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு லங்காஸ்டர் அமெரிக்கப் படைக்கு வழிகாட்டும் மெக்கின்டாஷ் என்ற கிழ வேவுகாரர். அப்பாச்சிகளை நீங்கள் வெறுக்கவில்லையா என்று இளம் அதிகாரி கேட்கும்போது, தண்ணீர் இல்லை என்பதற்காகப் பாலைவனத்தை வெறுப்பதைப் போன்றது அது என்று அவர் சொல்லும் பதிலில் உபதேசத் தொனி துளியும் இல்லை. காயம்பட்ட நிலையில், தம்மைத் தூக்கிச் செல்ல வேண்டாம் என்று படையை அனுப்பிவிட்டு, ஒரு சிகரெட்டைச் சுருட்டிக்கொண்டே சாவுக்குக் காத்திருக்கிறார். 1954இல் மறுக்கப்பட்ட முடிவு இப்படி வந்து சேர்ந்தது.

இந்தக் காலத்தில் மோசமான படங்களும் உண்டு. 'ஏர்போர்ட்' (1970) வசூலை அள்ளிக் குவித்தது. அதைக் குப்பை என்று லங்காஸ்டரே சொன்னார். 'தி கசாண்ட்ரா கிராசிங்' போன்றவற்றைக் காப்பாற்ற நான் முன்வரப்போவதில்லை. ஆனால் ஐம்பதுகளிலும் அவர் எல்லாவற்றையும் சலித்துத் தேர்ந்தெடுத்து நடிக்கவில்லையே. மேலும், எந்தப் படத்துக்குத் தம் கையிலிருந்து செலவு செய்தார் என்று பார்த்தாலும் அவர் மனம் விளங்கும். 1964ஆம் ஆண்டு வியட்நாமில் ஒரு சிற்றூரைக் காக்க அனுப்பப்பட்ட அமெரிக்க ஆலோசகர்களைப் பற்றிய 'கோ டெல் தி ஸ்பார்ட்டன்ஸ்' (1978) பணம் இல்லாமல் நின்றுபோகவிருந்தபோது, அதை முடிக்கத் தம் பணத்தைப் போட்டவர் அவர். வியட்நாம் போரைப் பற்றியே அதே ஆண்டு வந்த 'தி டீர் ஹண்டர்' பெற்ற புகழில் இப்படம் மறைந்துபோனது. இரண்டு போர்களைக் கண்டும் மேஜர் பதவியைத் தாண்டாத பார்க்கராக லங்காஸ்டர், மேலிடம் அனுப்பும் அபத்தமான ஆணைகளை அலுப்பும் கிண்டலுமாக எதிர்கொள்வதைப் பார்த்தால், இரண்டில் எது அந்தப் போரை நன்கு புரிந்துகொண்டது என்ற ஐயம் எழும்.

லூயி மால் இயக்கிய 'அட்லாண்டிக் சிட்டி'யைக் (1980) கட்டுரையாளர் பெயரளவில்கூடக் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருந்தது. வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கத்தைப் பகிர்ந்துகொண்ட படம் அது; ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றும் ஒன்றையும் வெல்லவில்லை; சிறந்த நடிகருக்கான விருது அவ்வாண்டு ஹென்றி ஃபோண்டாவுக்குப் போயிற்று. சூதாட்ட விடுதிகள் புதிதாக எழ, பழைய ஓட்டல்கள் இடிக்கப்படும் நகரில், சில்லறைச் சூதாட்டச் சீட்டு எழுதி வாழும் கிழவர் லூ. தாம் ஒரு காலத்தில் பெரிய கொள்ளையர்களுக்கு வேண்டியவராக இருந்ததாக அளந்து விடுகிறார். அந்தக் காலத்து அட்லாண்டிக் பெருங்கடலை நீ பார்த்திருக்க வேண்டும் என்று ஓர் இளைஞனிடம் பெருமூச்சு விடுகிறார். உண்மையில் அவர் யாருமாக இருந்ததில்லை. நிஜமாகவே மாபெரும் நட்சத்திரமாக இருந்த லங்காஸ்டர், 66 வயதில், என்றுமே ஒன்றுமில்லாதவராக இருந்த ஒருவரைப் போலித்தனமில்லாமல் நடிக்கிறார். சட்டையை இஸ்திரி போடும் அக்கறை, கழுத்துப் பட்டையைச் சரிசெய்யும் கர்வம், எதிர் வீட்டு ஜன்னலில் சூசன் சரண்டன் எலுமிச்சம்பழத்தால் கைகளைத் தேய்த்துக் கழுவுவதை இருட்டில் நின்று பார்க்கும்போது எழும் ஆசையும் கூச்சமும், கடைசியில் இருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டுச் செய்தியில் அதைக் கண்டு சிறுவனைப் போல் துள்ளும் மகிழ்ச்சி ஆகிய அனைத்தையும் அவர் குரலை உயர்த்தாமலே செய்துவிடுகிறார். பிரிட்டனின் பாஃப்டா விருது அவருக்குக் கிடைத்தது என்பது சிறு ஆறுதல்.

மொத்தம் நான்கு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட அவருக்கு, அவற்றில் இரண்டு 'எல்மர் கேன்ட்ரி'க்குப் பிந்திய படங்களுக்காக வந்தவை என்பதையும் கட்டுரையாளரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். தொடரில் வில்லியம் ஹோல்டனைப் பற்றியும் எழுதுவதாக இருந்தால், இலங்கையில் படமாக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) உடன் நிறுத்திவிடாமல், 'தி வைல்டு பன்ச்' (1969), 'நெட்வொர்க்' (1976) ஆகியவற்றுக்கும் உரிய இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மதுரை.