சேகருக்கு, நீலமும் இளஞ்சிவப்பும் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. தங்கச்சி முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாடிப்படி ஏற அவசரப்பட வேண்டாம் என்று சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். நான் ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் கல்லூரி ஆய்வகத்துக்குப் போய் வருகிறேன்.

கேமரா பெட்டியில் இருந்த சிலிக்கா ஜெல் மணிகள் இளஞ்சிவப்பாகி, சூடு காட்டியதும் மறுபடி நீலமாகிவிட்டன, இதில் எலக்ட்ரானின் சுழற்சி நிலை, அதாவது ஜோடி சேராமல் தனியாக நிற்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, மாறுகிறதா என்று கேட்டிருந்தாய். இத்தனை வருஷம் வங்கியில் இருந்துவிட்டு நீ இதைக் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மணிகளைச் சமையல் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்காதே. அதில் இருக்கும் கோபால்ட் குளோரைடு உடம்புக்கு ஆகாது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வை.

சரி, கேள்விக்கு வருகிறேன். சுழற்சி நிலை மாறவில்லை. சோதனைக் குழாயில் கோபால்ட் குளோரைடு கரைசலை எடுத்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பார்ப்போமே, ஞாபகம் இருக்கிறதா? இளஞ்சிவப்பு முதலில் ஊதாவாகிக் கலங்கும், அப்புறம் ஒரேயடியாக மை நீலம். ஐஸ் தண்ணீரில் வைத்தால் சிவப்பு திரும்பும். சிவப்பில் கோபால்ட்டை ஆறு நீர் மூலக்கூறுகள் எண்முகியாக, அதாவது எட்டு முகமுள்ள வடிவத்தின் ஆறு மூலைகளில், சூழ்ந்திருக்கின்றன. நீலத்தில் நான்கு குளோரைடுகள், நான்கு மூலையுள்ள நான்முகி. இரண்டிலும் கோபால்ட்டுக்கு ஏழு d எலக்ட்ரான்கள்தான். எண்முகியில் இவை உட்காரும் இடங்கள், அதாவது ஆர்பிட்டால்கள், ஆற்றல் குறைந்த கீழ்த்தட்டில் மூன்று, மேல்தட்டில் இரண்டு; ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான் வரை உட்காரலாம். அதில் ஐந்தும் இரண்டுமாக உட்காருகின்றன. நான்முகியில் தலைகீழ்: கீழே இரண்டு, மேலே மூன்று. அங்கே நான்கும் மூன்றும். பற்று வரவு எப்படி எழுதினாலும் மிச்சம் மூன்று தனி எலக்ட்ரான். தனி எலக்ட்ரான்களின் எண்ணிக்கையைக் காட்டிக்கொடுக்கும் காந்தத் திருப்புத்திறனும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதன் அலகான போர் மேக்னட்டானில் எண்முகிக்கு 4.7 முதல் 5.2, நான்முகிக்கு 4.4 முதல் 4.8.

நீலம் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதற்கும் வடிவம்தான் காரணம். எண்முகிக்கு நடுவில் சமச்சீர் மையம் உண்டு. அது இருக்கும்வரை d எலக்ட்ரான்கள் ஒளியை விழுங்கி மேலே தாவுவது ஏறக்குறைய தடைசெய்யப்பட்டது. அதனால்தான் சிவப்பு அவ்வளவு வெளிறிக் கிடக்கிறது. நான்முகிக்கு அந்த மையம் கிடையாது. ஆனால் நீலம் என்றாலே நான்முகி என்று முடிவு கட்டிவிடாதே. நீரற்ற கோபால்ட் குளோரைடு படிகமும் நீலம்தான், அதில் ஒவ்வொரு கோபால்ட்டைச் சுற்றியும் ஆறு குளோரைடுகள். நானே பல வருஷம் வகுப்பில் இதைத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எம்.எஸ்ஸி.யில், ஒரு பொருளைக் காந்தம் எவ்வளவு இழுக்கிறது என்பதை எடை மாற்றத்தால் அளக்கும் கூய் தராசு போட்டோமே. கண்ணாடிக் குழாயில் பொடியை நிரப்பி, இடைவெளி விழாமல் மேஜையில் தட்டித் தட்டி இறக்கி, நூலில் கட்டி இரண்டு காந்த முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவோம். அளவுகோலுக்கு அந்த நீலப் பொடி, மெர்குரி டெட்ராதயோசயனேட்டோகோபால்ட்டேட். ஸ்விட்ச் போட்டதும் எடை கூடும். அடுத்து ஆரஞ்சு நிற ஹெக்ஸாமீன்கோபால்ட் குளோரைடை வைத்தோம். எடை ஏறவே இல்லை. மின்காந்தத்துக்குக் கரண்ட் வரவில்லை என்று நீ போய் ஒயரைப் பிடித்துப் பார்த்தாய். கரண்ட் இருந்தது. இதில் இருப்பது ஒரு எலக்ட்ரான் குறைந்த கோபால்ட்(III); அதன் ஆறு d எலக்ட்ரானும் ஜோடி சேர்ந்துவிட்டன, இழுக்க எதுவும் இல்லை. அம்மோனியாவுக்குப் பதில் ஆறு ஃபுளூரைடு இருந்தால் அதே கோபால்ட்(III), அதே எண்முகி, ஆனால் நான்கு எலக்ட்ரான் தனியாக நிற்கும். ஃபுளூரைடு பலம் குறைந்த ஈனி, அதாவது உலோகத்தைச் சூழ்ந்து பிணைந்திருக்கும் துகள். மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடைவெளி சின்னதாக இருப்பதால், ஜோடி சேர்வதைவிட மேலே ஏறிக்கொள்வது எலக்ட்ரானுக்குச் சுலபம்.

ஆகவே உன் மணிகளில் சுழற்சி அப்படியே இருக்கிறது, கோபால்ட்டைச் சூழ்ந்திருப்பவை மாறுகின்றன. கோபால்ட்(III)இல் வடிவம் அப்படியே இருக்கிறது, சுழற்சி மாறுகிறது. நிறம் பார்த்து இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. காந்தத்திடம் தனியாகக் கேட்க வேண்டும்.

இந்தச் சேர்மங்களின் வடிவத்தைச் சொன்ன வேதியியலாளர் வெர்னரை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. எலக்ட்ரானையே கண்டுபிடிக்காத 1893இல், இருபத்தாறு வயதில், எண்முகி என்று சொன்னார். கோபால்ட்டைச் சுற்றி நான்கு அம்மோனியா, இரண்டு குளோரைடு இருந்தால் எண்முகியில் இரண்டே மாற்றியங்கள்தான், அதாவது அதே அணுக்களின் இரண்டு விதமான அடுக்கல்கள்தான், வர முடியும். தட்டையான அறுகோணமோ பட்டகமோ என்றால் மூன்று வர வேண்டும். பச்சை உப்பு ஏற்கெனவே கையில் இருந்தது. ஊதா உப்பு 1907இல்தான் கிடைத்தது. பதினான்கு வருஷம் ஒரு ஊதாப் பொடிக்காகக் காத்திருந்திருக்கிறார்! மூன்றாவது வரவே இல்லை. நோபல் பரிசு 1913இல்.

இப்போது ஒரு மாணவியோடு, டெர்பிரிடின் என்ற கரிம ஈனி சேர்ந்த கோபால்ட்(II) உப்புகளைச் செய்து பார்க்கிறேன்; உன் மணிகளில் இருப்பதும் கோபால்ட்(II)தான். அதில் மூன்று தனி எலக்ட்ரானும் ஒன்றும் மாறி மாறி வரும். வெப்பநிலை மட்டுமல்ல, படிகத்தில் எந்த எதிரயனி (உப்பில் எதிர் மின்சுமையோடு கூட இருப்பது), எத்தனை தண்ணீர் என்பதும் கணக்கை மாற்றிவிடுகிறது. போன வாரம் உலர்த்தியபோது பொடியின் எடை குறைந்தது, திருப்புத்திறனும் நகர்ந்தது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

உன் பழைய ரெக்கார்டு நோட்டு பரணில் இருக்கிறது என்று முன்பு சொன்னாயே. அந்தக் கூய் தராசுப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. ஆரஞ்சு உப்புக்கு அன்றைக்கு என்ன எண் எழுதினோம் என்று அவளுக்குக் காட்ட வேண்டும்.

உன்,
முருகேசன்