உறைபனியையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியருக்கு,

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளக்காடாக்கியது. இரண்டே வாரத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த ஜனவரியில் ஊட்டி காந்தல், தலைகுந்தா பக்கம் வெப்பநிலை 1 டிகிரிக்கு இறங்கியது. இரண்டு மாதத்துக்குள் ஒரே மாநிலம் இத்தனையையும் பார்த்துவிட்டது. மழையும் வெள்ளமும் எல்லோர் கண்ணிலும் படும். உறைபனியோ சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் காட்சியாகவே நின்றுவிடுகிறது.

எங்களைப் போன்ற சிறு தேயிலை விவசாயிகளுக்கு அது அப்படியில்லை. வானம் தெளிவாக, காற்றே அசையாமல் இருக்கும் இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும். காலையில் கொழுந்தெல்லாம் உப்பு தூவியது போல வெளுத்திருக்கும். வெயில் ஏறியதும் கருகிப்போகும். தொட்டால் கையோடு நொறுங்கும். மேட்டில் இருக்கும் செடிக்கு ஒன்றும் ஆகாது, நூறடி கீழே இருப்பது போய்விடும். அப்புறம் மறுபடி துளிர்த்துப் பறிப்புக்கு வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நகரத்து வெப்பமானியை வைத்து இந்தப் பள்ளங்களின் குளிரைச் சொல்ல முடியாது. பள்ளத்தாக்குக் கிராமங்களில் தானியங்கி வானிலைக் கருவிகள் வேண்டும். முந்தின நாள் மாலையே எச்சரிக்கை வந்தால் நாற்றுகளையாவது தழை போட்டு மூடிவிடுவோம். மத்திய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் உறைபனியும் இருக்கிறது. சேதத்தைக் கணக்கெடுக்க அதிகாரிகள் கருகிய தடம் மறையும் முன்பே தோட்டத்துக்கு வர வேண்டும்.

- ஒரு சிறு தேயிலை விவசாயி, நீலகிரி