சொல்லிவிட்டு வந்த சத்தங்கள்

அன்று அந்த விமானத்தில் கூட இருந்தவர்களுக்கும், எங்களைப் பத்திரமாகத் தரையில் இறக்கியவர்களுக்கும்,

நடுவானில் ஒரு இன்ஜின் வெடிச்சத்தத்தோடு நின்றுபோனது உங்களுக்கே தெரியும். திரும்ப விவரிக்க எனக்குத் தெம்பில்லை. மூன்று நாளாகியும் எங்காவது ஒரு கதவு பட்டென்று சாத்தினால் உடம்பு தூக்கிப்போடுகிறது. ஆனாலும் நன்றி சொல்வதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

முதலில் என் பக்கத்து இருக்கைத் தம்பிக்கு. உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஏறியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூங்கிப்போனீர்கள். அந்த வெடிச்சத்தம் கேட்டபோது கைப்பிடி என்று நினைத்து உங்கள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறேன். நீங்கள் கையை உருவிக்கொள்ளவில்லை. "அக்கா, நான் விமான இன்ஜின் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். இனிமேல் என்னென்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். எழுதித் தரட்டுமா?" என்றீர்கள்.

முன்சீட்டுப் பையிலிருந்து வாந்திக்கு வைத்திருக்கும் காகிதப் பையை எடுத்து, முழங்காலில் வைத்து எழுதினீர்கள். ஒன்று, தரைக்கடியில் நாய் குரைக்கிற மாதிரி. இரண்டு, மிச்சமிருக்கிற இன்ஜின் ஏறி ஏறி இறங்கும். மூன்று, நீளமாக ஒரு முனகல், இறக்கையின் மடல்கள் விரியும். நான்கு, டொம் என்று ஒன்று, பின்னாலேயே காற்றிரைச்சல், சக்கரம் இறங்கும். ஐந்து, தரையைத் தொட்டதும் ஒரு பக்கம் மட்டும் உறுமும். எழுதி முடித்துப் பேனாவை என் கையில் கொடுத்து, "வர வர டிக் போடுங்க" என்றீர்கள்.

குரைப்புச் சத்தம்தான் முதலில் வந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. இந்த ரக விமானத்தில் ஒரு பக்கத்து ஹைட்ராலிக் அழுத்தம், அதாவது சக்கரம், மடல்களையெல்லாம் அசைக்கிற எண்ணெயின் அழுத்தம், விழுந்தால், மறுபக்கத்து அழுத்தத்தை வைத்து ஈடுகட்ட ஒரு கருவி உண்டாம். அது ஓடுகிற சத்தம் அப்படித்தான் இருக்குமாம். நான் டிக் போட்டேன். கை நடுங்கியதில் அது பையின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"ஒன்றும் ஆகாது" என்று நீங்கள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அந்த இன்னொரு இன்ஜினும் நின்றுவிட்டால் என்று கேட்டேன். பையின் மூலையில் ஒரு சரிவுக்கோடு போட்டுக் காட்டினீர்கள். பத்து கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால், இன்ஜினே இல்லாமல் சுமார் 150 கிலோமீட்டர் மிதந்து போகலாம் என்றீர்கள். 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் எரிபொருள் தீர்ந்து இரண்டு இன்ஜினும் நின்ற விமானம், 306 பேரோடு அசோர்ஸ் தீவில் இறங்கியதையும், அத்தனை பேரும் பிழைத்ததையும் சொன்னீர்கள். "நமக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது அக்கா." அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் கீழே வந்தேன்.

நான்காவது டிக்கைப் போடும்போது உங்கள் நெற்றியைப் பார்த்தேன். வேர்த்திருந்தது. உங்களுக்கும் பயம் இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டேதான் எனக்காக எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்து விமானிகள் இருவருக்கும். உங்களிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். முதல் சில நிமிடம் அறிவிப்பே வரவில்லை என்று மனதுக்குள் கொதித்தேன். முதலில் விமானத்தை ஓட்டு, அப்புறம் போகிற திசையைப் பார், பேச்செல்லாம் அதற்குப் பிறகு: உங்கள் பாடம் இந்த வரிசையில்தான் என்று தம்பி சொன்ன பிறகுதான் புரிந்தது. அந்த மௌனத்தில் நீங்கள் எங்களுக்காக வேலை செய்துகொண்டிருந்தீர்கள்.

குரல் உடையாமல் "தலையைக் குனியுங்கள்" என்று ஒரே தாளத்தில் சொல்லிக்கொண்டே இருந்த பணிப்பெண்கள், எங்களுக்காக வானத்தையும் ஓடுபாதையையும் காலி செய்து கொடுத்த கட்டுப்பாட்டு அறைக்காரர்கள், சூடேறிய பிரேக்கைப் பரிசோதித்துவிட்டு ஜன்னல் வழியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய தீயணைப்பு வீரர், இறங்கும்போது என் முதுகைத் தட்டிக்கொடுத்த முகம் தெரியாத அம்மா, பைகளுக்காக முண்டியடிக்காமல் வரிசையில் நின்ற சக பயணிகள்: உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு இந்த ஒரே வரியில் அடக்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருடப் பயணத்தில் புறப்படும் முன் காட்டுகிற பாதுகாப்பு விளக்கத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. இனி பார்ப்பேன். என் பின்னால் அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் பெல்ட் போடுவேன். பக்கத்தில் யாராவது கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தால், எனக்குத் தெரிந்த அந்த ஐந்து சத்தங்களையும் முன்கூட்டியே சொல்லிவைப்பேன். அடுத்த மாதம் மறுபடி பறக்க வேண்டியிருக்கிறது. டிக்கெட்டை ரத்து செய்யவில்லை.

தம்பி, அந்தப் பை பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். ஐந்தாவது டிக் மட்டும் அதில் இல்லை. சக்கரம் தரையைத் தொட்டபோது எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன், எழுதக் கை வரவில்லை. உங்கள் பேனாவும் என்னிடமே தங்கிவிட்டது. நீலப் பேனா, மூடி கொஞ்சம் விரிந்திருக்கும். இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கொண்டுவந்து தருகிறேன். அந்த ஐந்தாவது டிக்கை நீங்களே போட்டுவிடுங்கள்.